பசளைத் தடை 2021: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2021இல் வந்த இரசாயனப் பசளைத் (உரத்) தடையைப் பற்றி வெளிநாட்டு உறவினர்கள், கொழும்பில் வேலை செய்யும் நண்பர்கள், தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறவர்கள், விவசாயம் படிக்கும் பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை மாற்றவில்லை. நான் கிளிநொச்சிப் பக்கம், வீட்டில் வயல் உண்டு. ஆகவே நெல்லைப் பற்றித்தான் கூடுதலாக இருக்கும்.

அங்க உண்மையில என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்கோ.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற அவருடைய தேர்தல் விஞ்ஞாபனம், நாடு பத்து ஆண்டுகளில் சேதன (இயற்கை) விவசாயத்துக்கு மாறும் என்றது. கமக்காரருக்கு (விவசாயிகளுக்கு) பசளை இலவசம் என்றும் அதே விஞ்ஞாபனத்தில் இருந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்தது, மே 6ஆம் தேதி வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. யூரியா உட்பட இரசாயனப் பசளை, களைநாசினி, பூச்சிநாசினி எல்லாவற்றின் இறக்குமதியும் ஒரேயடியாக நின்றது. பத்து ஆண்டு என்று எழுதிக்கொடுத்த வேலையை ஒரு கையெழுத்தில் முடிக்கப் பார்த்தார்கள்.

அக்டோபரில் தேயிலைக்காகக் கொஞ்சம் தளர்த்தினார்கள். நவம்பர் 24இல் தனியார் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 18இல் புதிய அமைச்சரவை பதவியேற்றபோது, பசளை முடிவு பிழை என்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். ஜூலையில் நாட்டை விட்டுப் போனார். இடையில் ஒரு முழுக் காலபோகம் போய்விட்டது. கிழக்கில் இதைப் பெரும்போகம் என்பார்கள், மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டும் முதன்மைப் போகம்.

யூரியா இல்லாட்டி நெல் வளராதா? எங்கட தாத்தா ஆக்கள் பசளை இல்லாமத்தானே செய்தவை?

வளரும், விளைச்சல்தான் வேறு. தாத்தா காலத்து நெல் உயரமானது, குறைந்த நைதரசனில் குறைந்த விளைச்சல் தருவது. சாப்பிட இருந்த வாய்களும் குறைவு. இன்று நாங்கள் விதைக்கும் குட்டை இனங்கள் பசளையை எடுத்து மணியாக்குவதற்கென்றே பத்தலகொட போன்ற ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கப்பட்டவை. இலங்கையில் பசளை மானியம் 1962இல் தொடங்கியது. அதாவது மூன்று தலைமுறைக் கமக்காரரை இந்த முறைக்குப் பழக்கியதே அரசாங்கம்தான்.

வடக்கில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நினைவும் உண்டு. 1990களில் போர் நடந்தபோது அரசாங்கம் வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் யூரியாவும் இருந்தது, வெடிமருந்துக்குப் பயன்படும் என்று. அப்போது பூவரசம் குழையும் கிளிசறியாவும் வெட்டித் தாழ்த்தினார்கள், வயலில் மாட்டுப் பட்டி அடைத்தார்கள். உயிர் பிழைத்தோம், உண்மை. ஆனால் அந்தக் காலத்து விளைச்சலை இனிமேலும் வேண்டும் என்று கேட்கிற ஒரு கமக்காரரையும் நான் சந்தித்ததில்லை.

கொம்போஸ்ட் போட்டாச் சரிதானே? அதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல்?

கணக்கைப் பார்ப்போம். நீர்ப்பாசன வயலுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மூட்டை, அதாவது 100 கிலோ யூரியா போகும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆக 46 கிலோ. நல்ல கூட்டெருவில் (கொம்போஸ்ட்டில்) நைதரசன் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஒன்றரை என்று வைத்தாலும் அதே 46 கிலோவுக்கு மூன்று தொன் எரு வேண்டும். இரண்டு மூட்டை யூரியாவை ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு நடையில் வரம்புக்குக் கொண்டுபோய்விடலாம். மூன்று தொன் எருவை ஏற்ற, இறக்க, சேற்று வயலுக்குள் பரப்ப ஆளும் டீசலும் எங்கே?

அந்த மூன்று தொன்னிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். எரு மெதுவாக உக்கித்தான் நைதரசனை விடும். நாடு முழுக்கப் பெரும்போகத்தில் 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல், அதாவது 17 இலட்சம் ஏக்கருக்கு மேல் நெல் விதைக்கிறார்கள். ஏக்கருக்கு மூன்று தொன் என்றால் 50 இலட்சம் தொன் எரு. மே மாதம் அறிவித்து அக்டோபருக்கு முன் இவ்வளவு எருவை யார் செய்வது, எந்த மாட்டுச் சாணத்தில் செய்வது? இந்தக் கணக்கைப் போட ஒரு விவசாயப் போதனாசிரியரும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

அப்ப நீங்கள் இயற்கை விவசாயத்துக்கு எதிரான ஆளா?

இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் செய்கிறவர்கள் அளவுக்கு மிஞ்சி யூரியா போட்டதும் சேர்ந்து சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. அது குடிக்கிற கிணறு. இரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு மாட்டெருதான்.

கமக்காரரும் எதிரிகள் இல்லை. 2021 ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நாடு முழுவதும் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. பத்தில் ஆறு பேருக்கு மேல் சேதனத்துக்கு மாறுவதை ஆதரித்தார்கள். ஆனால் ஆதரித்தவர்களிலேயே பெரும்பாலானோர் ஓராண்டுக்கு மேல் காலம் வேண்டும் என்றார்கள். 85 சதவீதம் பேர் விளைச்சல் விழும் என்று அப்போதே சொன்னார்கள். "செய்வம், ஆனால் டைம் தாங்கோ" என்று இதைவிடத் தெளிவாக ஒரு சமூகம் எப்படிச் சொல்ல முடியும்?

கிட்னி வருத்தம் வருதெண்டுதானே தடை செய்தவை? மக்களின்ட சுகாதாரம் முக்கியமில்லையா?

நோய் உண்மையானது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் 1990களிலிருந்து, காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கான கமக்காரக் குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. வவுனியாவிலும் உண்டு. ஒரு வீட்டில் தகப்பன் டயாலிசிஸுக்குப் போய்வருவதைப் பார்த்தவர்கள் இதை இலேசாகப் பேசமாட்டார்கள்.

ஆனால் காரணம் இதுதான் என்று விஞ்ஞானம் இன்னும் முடிவு கட்டவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வெயிலில் நீரிழந்து வேலை செய்வது, விவசாய இரசாயனம் என்று பல சந்தேகங்கள் உண்டு. நாட்டிலேயே கூடுதலாக இரசாயனம் கொட்டும் இடங்களில் ஒன்று நுவரெலியா மரக்கறித் தோட்டங்கள். அங்கே இந்த நோய் அப்படிப் பரவவில்லை. நோய்க்காகத்தான் என்றால் முதலில் அந்த ஊர்களுக்குச் சுத்தமான குடிநீர் கொடுத்திருக்கலாம். அதற்கு யூரியாவைத் தடை செய்யத் தேவையில்லை.

உண்மையான காரணம் டொலர் இல்லாததுதான் எண்டு சொல்லுறாங்களே?

அதற்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். 2019 கடைசியில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2021 கடைசியில் 3.1 பில்லியன். பதவிக்கு வந்த உடனேயே வற் (பெறுமதி சேர்) வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைத்தார்கள், பிறகு கொரோனா வந்து சுற்றுலா நின்றது. 2020இல் பசளை இறக்குமதிக்குப் போனது சுமார் 259 மில்லியன் டொலர். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு மேசையில் தோன்றியிருக்கும்.

இப்போது மறுபக்கம். 2022இல் இலங்கை ஏறக்குறைய 7 இலட்சத்து 83 ஆயிரம் தொன் அரிசி இறக்குமதி செய்தது. செலவு சுமார் 292 மில்லியன் டொலர். பசளையில் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக அரிசிக்கே போனது, தேயிலையில் இழந்த வருமானம் தனி. பசளைக் காசைச் செலவாகப் பார்த்தவர்கள், அது ஐந்து மாதத்தில் அரிசியாகத் திரும்பி வருகிற முதலீடு என்பதைப் பார்க்கவில்லை. கடன்பட்டாவது பசளை வாங்குகிற எந்தக் கமக்காரருக்கும் இது தெரியும்.

சிக்கிம் முழுசா ஆர்கானிக் ஆயிடுச்சே. உங்களால ஏன் முடியல?

தமிழ்நாட்டு நண்பர்கள் அதிகம் கேட்பது இது. சிக்கிம் 2003இல் முடிவெடுத்து 2016இல்தான் முழுச் சேதன மாநிலம் என்று அறிவித்தது. பதின்மூன்று ஆண்டு. நிலம் சுமார் 75,000 ஹெக்டேயர், நெல்லைவிட ஏலம், இஞ்சி போன்ற பயிர்களுக்குப் பேர்போனது, தொடங்கும்போதே அங்கே இரசாயனப் பாவனை மிகக் குறைவு. தேவையான அரிசியில் பெரும்பகுதியை வெளி மாநிலங்களிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். 2 கோடிக்கு மேல் மக்கள், மூன்று வேளையும் சோறு, கையில் டொலர் இல்லை என்ற நிலையில் உள்ள தீவை அதோடு எப்படி ஒப்பிடுவது?

விளைச்சல் எவ்வளவு குறைஞ்சது? சும்மா பெரிசுபடுத்துறாங்களா?

2020/21 பெரும்போகத்தில் நாட்டின் நெல் சுமார் 30 இலட்சம் தொன். 2021/22இல் சுமார் 19 இலட்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தேயிலை 2021இல் 299 மில்லியன் கிலோ, 2022இல் 251 மில்லியன் கிலோ. மழையும் தண்ணீரும் மோசமாக இருந்து நடந்ததில்லை இது.

எங்கள் பக்கத்தில் ஏக்கருக்கு 25 மூட்டை கண்ட வயல்களில் 10, 12 மூட்டைதான் வந்தது. தை மாதம் வயலுக்குள் இறங்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கதிர் உள்ளே பொதியும் குடலைப் பருவத்தில் கரும்பச்சையாக நிற்க வேண்டிய பயிர் எலுமிச்சை நிறத்தில் நின்றது. ஒரு குத்தில் மட்டம், அதாவது பக்கத் தண்டு, வெடித்தது மூன்றோ நான்கோதான். இடைவெளி முழுக்கக் கோழிச்சூடன் களை. கதிரை உருவிக் கையில் வைத்து ஊதினால் பாதி பறந்தது, பதர். அறுவடை இயந்திரத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மூட்டை குறைந்ததென்று அது குறையாது. வெட்டினால் நட்டம் கூடும் என்று மாடு அவிழ்த்து விட்டவர்களும் உண்டு.

நவம்பரில தடையை எடுத்தாச்சே. பிறகும் ஏன் விளைச்சல் விழுந்தது?

இந்தக் கேள்விக்குள்தான் எல்லாமே இருக்கிறது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மூன்றரை மாத நெல்லை ஐப்பசி (அக்டோபர்) தொடக்க மழையோடு விதைக்கிறோம் என்று வையுங்கள். பயிர் முளைத்தபின் தூவும் முதல் மேற்கட்டுப் பசளை இரண்டாம் கிழமை. அடுத்தது நாலாம், ஐந்தாம் கிழமை, பயிர் மட்டம் வெடிக்கிற நேரம். கடைசி யூரியா ஏழாம் கிழமையளவில், உள்ளே கதிர் உருவாகத் தொடங்கும்போது. களைநாசினி என்றால் இன்னும் நெருக்கடி, முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் அடிக்காவிட்டால் பிறகு அடித்தும் பயனில்லை. மட்டம் வெடிக்காத பயிருக்கு இரண்டு மாதம் கழித்து எவ்வளவு யூரியா கொட்டினாலும் புது மட்டம் வந்து கதிர் தள்ளாது. பயிர் ஒருவருக்கும் அவகாசம் கொடுப்பதில்லை.

நவம்பர் 24இல் தடையை எடுத்தபோது முந்தி விதைத்த வயல்களுக்கு ஏழு கிழமை கடந்துவிட்டது. அனுமதி கிடைத்த அன்றே பசளை வராது. வியாபாரி இறக்குமதிக்கான கடன்பத்திரம் (எல்.சி.) திறக்க வேண்டும், அதற்கு வங்கியில் டொலர் வேண்டும், கப்பல் வர வேண்டும், கொழும்பிலிருந்து லொறி ஏ9 வீதியால் வர வேண்டும். உலகச் சந்தையிலும் விலை ஏறிக்கொண்டிருந்தது. தடைக்கு முன் 1,500 ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ யூரியா மூட்டை, 2022 நடுப்பகுதியில் கறுப்புச் சந்தையில் 40,000 ரூபா வரை போனது. முடிவை மாற்றிவிட்டோம் என்று கொழும்பில் சொன்ன நாளில் எங்கள் வயலில் முடிவு எழுதப்பட்டிருந்தது.

இந்தியாவில இருந்து நனோ பசளை வந்ததே? சீனாக் கப்பலும் வந்ததுதானே?

இந்தியக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவின் நனோ நைதரசன் திரவம் 2021 அக்டோபரில் விமானத்தில் வந்தது. அரை லீற்றர் போத்தல் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். நாலு சதவீதத் திரவத்தில் அரை லீற்றருக்கு 20 கிராம் நைதரசன், மூட்டையில் இருப்பதோ 20 கிலோவுக்கு மேல். கொம்போஸ்ட் கேள்வியில் போட்ட கணக்கை இங்கும் போட்டுப் பாருங்கள். இலையில் விசிறுவது கொஞ்சம் உதவும், ஆனால் அதையே நம்பி ஒரு போகத்தை ஓட்ட முடியாது.

சீன நிறுவனமான சிங்டாவோ சீவின் அனுப்பிய 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலில் 20,000 தொன் சேதனப் பசளை இருந்தது. மாதிரியில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருப்பதாக இங்குள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கண்டுபிடித்து இறக்கவிடவில்லை. அந்த அதிகாரிகள் செய்தது சரியான வேலை. ஆனால் விவகாரம் முற்றி, சீனத் தூதரகம், பணம் கட்டாத இலங்கை அரச வங்கியான மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் இலங்கை ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கட்டியது. ஒரு கிலோ பசளையும் வயலுக்கு வரவில்லை.

ராஜபக்ஷ குடும்பமே விவசாயக் குடும்பமாச்சே? அவங்களுக்குத் தெரியாதா?

அவர்கள் கழுத்தில் போடும் செம்மண் நிறச் சால்வையைப் பார்த்திருப்பீர்கள். அம்பாந்தோட்டைப் புன்செய் நிலத்தில் குரக்கன் (கேழ்வரகு) செய்யும் ஏழைகளின் அடையாளமாக 1930களில் கோட்டாபயவின் பெரியப்பா டி.எம். ராஜபக்ஷ அரசாங்க சபைக்கு அணிந்துபோனது அது. பெரியப்பா காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. ஆனால் வேலை மாறினால் அறிவும் மாறும். கோட்டாபய இருபது ஆண்டு இராணுவத்தில் இருந்தவர், பிறகு அமெரிக்காவில் தகவல் தொழில்நுட்ப வேலை, பிறகு பாதுகாப்புச் செயலாளர். உத்தரவு கொடுத்தால் நடக்கும் என்பது அவர் பழகிய உலகம்.

வயலில் அப்படி நடக்காது. இரணைமடுக் குளம் நிரம்பினால் தண்ணீர், நிரம்பாவிட்டால் இல்லை, எவருடைய கையெழுத்தும் அதை மாற்றாது. இந்த எளிய விஷயம் தினமும் கண்ணில் படாத இடத்தில் இருந்து முடிவெடுத்தார்கள் என்பதுதான் என் மனக்குறை. அவர்கள் கெட்டவர்களா நல்லவர்களா என்ற விவாதம் வேறு.

ஒருத்தரும் எச்சரிக்கேல்லையா?

எச்சரித்தார்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது. முற்றாக நிறுத்தினால் நெல்லில் சராசரியாக 25, தேயிலையில் 35, தெங்கில் 30 சதவீதம் விளைச்சல் குறையலாம் என்று இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம் 2021இலேயே மதிப்பிட்டுச் சொன்னது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாகப் பேசினார், விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். உணவுத் தட்டுப்பாடு வரும் என்று எச்சரித்த அமைச்சின் செயலாளர் உதித் ஜயசிங்க 2021 டிசம்பரில் பதவியிழந்தார். ஊர் ஊராகக் கமக்காரர் வீதியில் இறங்கினார்கள், கொடும்பாவி எரித்தார்கள்.

அதே நேரம், 2021 அக்டோபர் கடைசியில், ஜனாதிபதி கிளாஸ்கோ காலநிலை உச்சிமாநாட்டை ஒட்டிய ஒரு கூட்டத்தில் நைதரசன் மாசு பற்றியும் தமது சேதனக் கொள்கை பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அங்கே கைதட்டினார்கள். இங்கே பயிர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பாராட்டு உடனே காதில் விழுகிறது, முறிகண்டியில் ஒருவர் கத்துவது கொழும்புக்குப் போய்ச் சேர்வதில்லை.

நட்டஈடு குடுத்தவைதானே?

2022 ஜனவரியில் நெல் கமக்காரருக்கு 40,000 மில்லியன் ரூபா என்று அறிவித்தார்கள், நெல்லின் உத்தரவாத விலையை கிலோ 50 ரூபாவிலிருந்து 75க்கு ஏற்றுவதாகவும் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்: விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கூடக் கொடுத்தால், விற்க நெல் இருப்பவருக்குத்தான் இலாபம். பத்து மூட்டையில் எட்டைக் குடும்பத்துக்கும் விதைநெல்லுக்கும் ஒதுக்கியவர் இரண்டு மூட்டைக்குத்தான் அந்த விலையைக் காண்பார். அடகில் போன நகை, கடைக்காரரிடம் வாங்கிய கடன், குத்தகைக் காசு எல்லாம் முழுதாக அப்படியே நின்றன.

வயல் இல்லாத எங்களுக்கு இதால என்ன?

சாப்பாட்டு விலை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதம். எல்லாம் பசளையால் வந்ததல்ல, ரூபா விழுந்ததும் எரிபொருள் இல்லாததும் பெரிய காரணங்கள். ஆனால் சொந்த நெல் களஞ்சியத்தில் இருந்திருந்தால் அந்த அடியில் பாதியைத் தாங்கியிருக்கலாம்.

2022 ஜூன் மாதம் அரசாங்கம் இன்னொன்று செய்தது. அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று. முழுநேரமாக உழுகிறவருக்கு உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை, பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை, எரிபொருள் வரிசையில் கானோடு நிற்கிறார். தெரிந்தவரிடம் விளைவிக்க வழியில்லாமல் செய்துவிட்டு, தெரியாதவரைக் கொத்தச் சொன்னார்கள்.

இது ஒரு ஆளின்ட பிழைதானே? முந்தி இருந்தவை இப்படி இல்லையே?

முந்தியும் உண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள், நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன. ஓகஸ்ட் 12இல் நாடு ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில மாதத்தில் பதவி விலகினார்.

யாழ்ப்பாணத்தாருக்கு 1970கள் நினைவிருக்கும். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியது. மற்றவர்கள் பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்ற காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள், கல்வீடு கட்டினார்கள். 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்ததும் இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன, அந்தத் தோட்டங்கள் படுத்துவிட்டன. இரண்டு முடிவும் கொழும்பில்தான். தூக்கிவிட்டபோதும் எங்களைக் கேட்கவில்லை, விழுத்தியபோதும் கேட்கவில்லை.

கமக்காரன்ட பிள்ளை ஒருத்தர் ஜனாதிபதியா வந்தாச் சரியாகுமா?

வந்தார். மைத்திரிபால சிறிசேன பொலன்னறுவைக் கமக்காரக் குடும்பம், குண்டசாலை விவசாயப் பாடசாலையில் படித்தவர், விவசாய அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய ஆட்சியில்தான் 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது, மேலே சொன்ன சிறுநீரக நோயின் பெயரால். தேயிலைத் தோட்டங்களில் களை பிடுங்க ஆளில்லாமல் திண்டாடினார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் நடக்கப்போவதற்கு அது ஒரு சிறு ஒத்திகையாகவே இருந்தது, எவரும் அதிலிருந்து படிக்கவில்லை.

ஆகவே பிறந்த வீட்டைப் பார்த்து நம்ப முடியாது. அந்தப் பதவிக்குப் போனபிறகு யார் பக்கத்தில் இருக்கிறார்கள், "ஐயா, இது சரிவராது" என்று சொன்னவருக்கு அடுத்த நாள் வேலை இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அப்ப யார்தான் முடிவெடுக்கிறது? ஒவ்வொரு கமக்காரனையும் கேட்டு நாட்டை நடத்தேலுமா?

ஏற்கெனவே கேட்கிற முறை இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் குளத்துக்குக் குளம் போக ஆரம்பக் கூட்டம் நடக்கும். மாவட்ட அல்லது பிரதேச செயலாளர் தலைமை, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவைகள் நிலையத்தார், விவசாயப் போதனாசிரியர், கமக்கார அமைப்புகள் எல்லாரும் இருப்பார்கள். குளத்தில் இத்தனை அடி தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் இன்ன தேதி, விதைப்பு இன்ன தேதிக்குள், கால்நடையை இன்ன தேதிக்கு முன் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிப்பார்கள். பசளையும் விதைநெல்லும் எப்போது வரும் என்ற கேள்வியும் அங்கே எழும். முடிவுக்குச் சட்ட வலுவும் உண்டு.

நல்ல சண்டை நடக்கும். கடைமடைக்காரர் எழும்பி, "உந்தத் தேதிக்குத் திறந்தால் எங்களுக்குத் தண்ணி வந்துசேர ஒரு கிழமை பிந்தும்" என்பார். பொறியியலாளர் வரைபடத்தைப் பார்ப்பார், பிறகு வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று அவரிடமே கேட்பார். தேதி இரண்டு நாள் முந்தும். மாட்டுக்காரருக்குக் கோபம் வரும், அதையும் பேசுவார்கள். எல்லாருக்கும் திருப்தி என்று ஒரு கூட்டமும் முடிந்ததில்லை, ஆனால் விதைக்க முடியாத நாளில் விதைக்கச் சொல்லி ஒரு முடிவும் அங்கிருந்து வந்ததில்லை. 2021 சித்திரையில் அமைச்சரவைக்குப் போன அந்தப் பத்திரத்தை எந்தக் குளத்தின் கூட்டத்துக்கும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் முதல் எழும்பும் கடைமடைக்காரரே கேட்டிருப்பார்: "மூன்று தொன் எருவை எங்கயிருந்து எடுக்கிறது?"